ப்ளடியா, டேமா, ரியலியா: ஆங்கிலப் பேச்சில் அழுத்தத்துக்கு எதை எடுப்பது?

"வெரி" என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வேலைக்குப் போகிறோம். மலேசியாவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக் கேன்டீனிலும் பங்சார் சவுத் அலுவலக லிஃப்டிலும் அந்தச் சொல் அதிகம் காதில் விழுவதில்லை. வெயிலைப் பற்றி ஆஸ்திரேலிய மேலாளர் "ப்ளடி ஹாட்" என்கிறார். ஈப்போவிலிருந்து வந்த சீன நண்பர் "டேம் ஹாட் லா" என்கிறார். ஆன்லைன் கேம் ஹெட்செட்டில் "ஃபக்கிங் ஹாட்" சர்வசாதாரணம். மலாய்த் தோழிக்கு "பானாஸ் கிலா". எல்லாம் ஒரே வெயில்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. எது யாரிடம் எடுபடும், எது வம்பில் கொண்டுபோய் விடும் என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறோம். கெட்ட வார்த்தை பேசலாமா கூடாதா என்ற விவாதம் இதில் இல்லை. அதை வீட்டில் அம்மா பார்த்துக்கொள்வார். சொற்களுக்கு நடுவே நட்சத்திரக் குறி போட்டு மறைத்தால் இலக்கணம் விளங்காது என்பதால் அப்படியே எழுதியிருக்கிறோம்.

சொல்லைவிட அது நிற்கும் இடம் முக்கியம்

நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் சொல்லின் காரத்தால் அல்ல, அதை வைக்கும் இடத்தால். "த ஃபுட் இஸ் ஃபக்கிங் குட்" என்றால் சாப்பாடு அபாரம். "த ஃபக்கிங் ஃபுட்" என்றால் சாப்பாட்டின்மேல் எரிச்சல். பெயரடைக்கு முன்னால் வந்தால் இந்தச் சொற்கள் அளவைக் கூட்டும். பெயர்ச்சொல்லுக்கு நேர் முன்னால் வந்தால், வேறு குறிப்பு இல்லாதபோது, கடுப்பைத்தான் காட்டும். ப்ளடி, டேம் இரண்டுக்கும் இதே விதிதான். "மை ப்ளடி பாஸ்" என்று சொல்லிவிட்டு, "பாராட்டாகத்தான் சொன்னேன் அண்ணே" என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆளைக் குறித்துப் பேசும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. "யூ ஆர் ஃபக்கிங் ப்ரில்லியண்ட்" முழுப் பாராட்டு. "ஆர்" போய், "யூ ஃபக்கிங்" என்று தொடங்கிப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால் அது பெரும்பாலும் வசவு. நெருங்கிய நண்பர்களுக்குள் அதுவும் செல்லமாகலாம், ஆனால் மூன்றாவது ஆள் மேசையில் இருந்தால் அவருக்கு அது வசவாகத்தான் கேட்கும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும்போது "ஆர்", "இஸ்" இரண்டும்தான் முதலில் உதிர்கின்றன. பாராட்டு வசவாக மாற அந்தச் சிறு உதிர்வே போதும்.

வினைச்சொல்லோடு சேர்க்கும்போது அழுத்தச்சொல் வினைக்கு நேர் முன்னால் நிற்க வேண்டும்: "ஐ ஃபக்கிங் லவ் இட்", "யூ டேம் வெல் நோ". கடைசியில் கொண்டுபோய் வைத்தால் வாக்கியம் கவிழ்ந்துவிடும். எதிர்மறையிலும் ஒரு பொறி இருக்கிறது. "நாட் வெரி குட்" என்றால் சுமார்தான் என்று பொருள். அதே இடத்தில் "நாட் ஃபக்கிங் குட்" என்றால் சுமார் என்று பொருளாகாது. நன்றாக இல்லை என்று கோபத்தோடு அடித்துச் சொல்வதாகிவிடும். மென்மையாகக் குறை சொல்ல வேண்டிய இடத்தில் கெட்ட வார்த்தை அழுத்தம் உதவவே உதவாது.

"ஸோ ஹாட் தட் ஐ காண்ட் ஸ்லீப்" என்பதில் "ஸோ" பின்னால் ஒரு வாக்கியத்தை இழுத்து வரும். ஃபக்கிங், ப்ளடி, டேம் மூன்றுக்கும் அந்த வேலை தெரியாது. நம் ஊரில் "டேம் ஹாட் அன்டில் காண்ட் ஸ்லீப்" என்று சொல்லி அந்தக் குறையை அடைத்துவிடுகிறோம். மாமாக் கடையில் அது கச்சிதம். லண்டனிலிருந்து வந்தவருக்கு அந்த "அன்டில்" புரியாது.

கேள்விச் சொல்லோடு "த ஹெல்" சேர்ப்பவர்கள் கவனிக்க: "வாட் த ஹெல்", "வேர் த ஹெல்", "ஹூ த ஹெல்" எல்லாம் சரி. "விச் த ஹெல்" கிடையாது. கேள்விச்சொல் வாக்கியத்தின் தலைப்பிலும் இருக்க வேண்டும். "யூ டூயிங் வாட்?" என்று நம் ஊர் ஆங்கிலத்தில் கேட்கலாம், ஆனால் அதன் வாலில் "த ஹெல்" ஒட்டாது. "வாட் த ஹெல் ஆர் யூ டூயிங்" என்று முழுதாகத் திருப்பிப் போட வேண்டும்.

இன்னும் இரண்டு வடிவங்கள் உண்டு. "டயர்ட் ஆஸ் ஃபக்" எப்போதும் பெயரடைக்குப் பின்னால் வரும். எழுத்தில் அதை "ஏஎஃப்" என்று சுருக்குகிறார்கள். "பிக்-ஆஸ் கார்" என்பதில் வரும் "ஆஸ்" வேறு சொல், பிட்டத்தைக் குறிப்பது. அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் பெயரடையோடு மட்டும் ஒட்டும். "த கார் இஸ் பிக்-ஆஸ்" என்று முடித்தால் அமெரிக்கர் காதுக்கு அரைகுறை.

ஃபக்கிங்: எல்லா இடத்திலும் பொருந்தும், எல்லாரிடமும் பொருந்தாது

இலக்கண வசதியில் இதற்கு நிகர் இல்லை. பெயரடை, பெயர்ச்சொல், வினை, கேள்விச்சொல் என எந்த நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர் இது. சொல்லின் நடுவிலும் நுழையும். "அப்ஸலூட்லி" என்பதைப் பிளந்து "அப்ஸோ-ஃபக்கிங்-லூட்லி" என்கிறார்கள். நுழையும் இடத்துக்கும் கணக்கு உண்டு, அதை ஜான் மெக்கார்த்தி என்ற மொழியியலாளர் 1982இல் விரிவாக எழுதினார். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால்தான் வெட்டு விழும். "ஃபேன்-ப்ளடி-டாஸ்டிக்" சரி, "ஃபேன்டாஸ்-ப்ளடி-டிக்" தவறு. கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது புதுமையில்லை. கான்டனீஸிலும் இதே வித்தை இருக்கிறது. தொந்தரவு என்னும் பொருள்பட்ட "மா ஃபான்" நடுவில் "லான்" புகுந்து "மா லான் ஃபான்" ஆகும். அந்த "லான்" பச்சையான சொல், அர்த்தம் தெரியாமல் புடு வட்டாரத்தில் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

வசதி இவ்வளவு என்றால் விலையும் அதற்கேற்ப. பிரிட்டனின் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் 2016இல் வெளியிட்ட ஆய்வில் பொதுமக்கள் இந்தச் சொல்லை "மிகக் கடுமையானது" என்ற உச்ச வகையில் வைத்தார்கள். டேம், ப்ளடி இரண்டும் "மிதமானது" என்ற அடிமட்ட வகை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இரவு 9 மணிக்கு முன் மிகக் கடுமையான சொற்களுக்கு இடமில்லை.

அழுத்தத்துக்காகச் சொன்னால் அது ஆபாசமாகுமா என்று அமெரிக்க அரசே குழம்பியிருக்கிறது. 2003 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது மேடையில் பாடகர் போனோ நேரலையில் "ரியலி, ரியலி ஃபக்கிங் ப்ரில்லியண்ட்" என்றார். அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் அமலாக்கப் பிரிவு, இது பாலியல் பொருளில் வரவில்லை, வியப்பைக் கூட்டத்தான் வந்தது, ஆகவே விதிமீறல் இல்லை என்று அதே ஆண்டு முடிவு சொன்னது. 2004 மார்ச்சில் ஆணையம் அந்த முடிவையே தலைகீழாக்கியது. எந்தப் பொருளில் வந்தாலும் அந்தச் சொல்லில் பாலியல் வாடை உண்டு என்பது புது வாதம். நீங்கள் வெறும் அழுத்தத்துக்குத்தான் சொன்னீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் கேட்பவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். பல மொழி பேசுகிறவர்களை ஆராய்ந்த ஷான்-மார்க் தெவேல் 2004இல் எழுதியது இது: வசவுச் சொற்களின் உணர்ச்சிக் கனம் முதல் மொழியில்தான் அதிகம், பிறகு கற்ற மொழிகளில் குறைவு. தமிழில் ஒரு கெட்ட வார்த்தையை உரக்கச் சொல்லக் கூசுகிற அதே வாயில் ஃபக்கிங் சுலபமாக வருவது இதனால்தான். படத்திலும் பாட்டிலும் கேட்டுப் பழகிய சொல், நமக்குப் பஞ்சு போல. பெட்டாலிங் ஜெயாவிலும் சுபாங்கிலும் வீட்டிலேயே ஆங்கிலம் பேசும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டு ஆன்ட்டிக்கு அதே சொல் முழுக் கனத்தோடு விழும். சொல்கிறவருக்கு எவ்வளவு உறைக்கிறது என்பதை வைத்து அளந்தால் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும்.

தேய்மானமும் உண்டு. வாக்கியத்துக்கு வாக்கியம் சொன்னால் அது அழுத்தமாக இருக்காது, மூச்சு வாங்குவது போல ஆகிவிடும். ஒரு உரையாடலில் ஒருமுறை, அதுவும் பெயரடைக்கு முன்னால், எதிரே இருப்பவர் ஏற்கெனவே உங்களிடம் அதைப் பேசியிருந்தால் மட்டும் என்பது பழக்கத்துக்கு ஏற்ற அளவு. மேலாளர் பேசுகிறார் என்பதற்காக நாமும் மேலாளரிடம் திருப்பிப் பேசலாம் என்று ஆகாது. மேலிருந்து கீழே வரும்போது அது தோழமையாகத் தெரியும், கீழிருந்து மேலே போனால் திமிராகத் தெரியும்.

உச்சரிப்பில் ஒன்று: முழு அழுத்தத்தையும் கெட்ட வார்த்தையின்மேலேயே கொட்டக் கூடாது. "ஃபக்கிங் *குட்*" என்று பெயரடையில் குரல் ஏற வேண்டும். கெட்ட வார்த்தையை மட்டும் அறைந்து சொல்லிவிட்டுப் பெயரடையை விழுங்கினால், பாராட்டு சண்டையாகக் கேட்கும்.

ப்ளடி: பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மட்டும்

1914இல் லண்டனில் பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் "நாட் ப்ளடி லைக்லி" என்ற வரி மேடையேறியபோது பெரும் பரபரப்பு. நூறாண்டில் அது அடிமட்ட வகைக்கு இறங்கிவிட்டது. ஆஸ்திரேலியா 2006இல் தன் சுற்றுலா விளம்பரத்திலேயே "வேர் த ப்ளடி ஹெல் ஆர் யூ" என்று கேட்டது. அதே விளம்பரத்துக்கு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் முதலில் தடை வந்து, பிறகு விலகியது. உறவுக்கார நாடுகளுக்குள்ளேயே இத்தனை இழுபறி.

பெர்த்திலோ மெல்பர்னிலோ இருக்கும் குழுவோடு தினமும் பேசுகிறவருக்கு ப்ளடி நல்ல தேர்வு. "ப்ளடி குட் ஜாப்" என்றால் அங்கே முகம் மலரும். அமெரிக்கரிடம் அது எடுபடாது. அவருக்குக் கோபம் வராது, பிரிட்டிஷ்காரர் போல நடிக்கிறீர்கள் என்றுதான் தோன்றும்.

உள்ளூரில் இதற்கு வேறொரு சுமை இருக்கிறது. தோட்டத்துத் துரைகளும் அவர்களைப் பார்த்துக் கிராணிகளும் "ப்ளடி ஃபூல்" என்று ஏசிய காலத்தின் நினைவு நம் பெரியவர்களிடம் இன்னும் போகவில்லை. அவர்கள் காதில் ப்ளடி என்பது அளவைக் கூட்டும் சொல்லே அல்ல, மனிதரை மட்டம் தட்டும் சொல். "ப்ளடி நைஸ் தோசை அங்கிள்" என்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் பாராட்டினால் அங்கிளின் முகம் சுருங்கக்கூடும். பெரியவர்கள் முன்னால் ஃபக்கிங்குக்கும் ப்ளடிக்கும் வித்தியாசம் பெரிதாக இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

டேம், கிலா, காவ்-காவ்: நம் ஊர்ச் சரக்கு

மலேசிய ஆங்கிலத்தில் டேம் கிட்டத்தட்ட வெரியின் இடத்தைப் பிடித்துவிட்டது. "டேம் நைஸ்", "டேம் எக்ஸ்பென்சிவ்", "டேம் ஜாம்". இந்தக் கடைசி உதாரணத்தைப் பாருங்கள்: ஜாம் பெயர்ச்சொல்லாக இருந்தும் இங்கே பெயரடையாக நடக்கிறது, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசல் என்று எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டவருக்கு "டேம் ஜாம்" என்றால் ரொட்டியில் தடவுகிற ஜாம்மேல் கோபம்.

இனம் கடந்து, வயது கடந்து, மாமாக் கடை மேசைக்கு மிகப் பாதுகாப்பான தேர்வு இதுதான் என்பது எங்கள் முடிவு. ஒரே விதிவிலக்கு, சபைக்குப் போகும் குடும்பங்கள். டேம், ஹெல் இரண்டும் மதத்திலிருந்து வந்த சாபச் சொற்கள். தீவிரமாக விசுவாசிக்கும் கிறிஸ்தவர்களுக்கு, அமெரிக்க வாடிக்கையாளர்களில் சிலருக்கும்கூட, ஃபக்கிங்கைவிட "காட் டேம்" அதிகம் புண்படுத்தும். ஆஃப்காம் ஆய்வின் வகைப்பாட்டை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாததற்கு இது ஒரு காரணம்.

"கிலா" முன்னாலும் வரும், பின்னாலும் வரும்: பயங்கர விலை என்பதற்கு "கிலா மாஹால்", "மாஹால் கிலா". அளவைக் கூட்டும்போது மிதமானது. ஆளைப் பார்த்து "கிலா" என்றால் பைத்தியம். செத்தொழியும் அளவுக்கு என்று பொருள்படும் "நாக் மாம்புஸ்" சேர்த்தால் காரம் ஏறும். மலாய் இளைஞர்கள் தங்களுக்குள் "பாபி" (பன்றி) சேர்த்தும் பேசுவார்கள். அதை நாம் எடுத்துப் பேசுவது அறவே வேண்டாம். அவர்களுக்குள் விளையாட்டாக இருப்பது நம் வாயிலிருந்து வந்தால் மதத்தைத் தொட்ட விஷயமாகிவிடும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கெட்டியாக, பலமாக என்ற பொருளில் வரும் "காவ்-காவ்" பத்திரமான சொல். கோப்பியில் தொடங்கி மேலாளரிடம் வாங்கிய திட்டு வரை "காவ்-காவ்" வாங்கினேன் எனலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இவற்றின் குறை, விமானம் ஏறினால் செல்லாது என்பது. சிங்கப்பூர் தாண்டினால் காவ்-காவும், மலாய் புரியாத ஊரில் கிலாவும் வெறும் ஓசை.

ஃப்ரீக்கிங், ஃப்ளிப்பிங்: அரைகுறைத் தீர்வு

உண்மையான சொல்லின் சாயலில் செய்த போலிகள் இவை. ஸ்டீஃபன்ஸ், ராபர்ட்சன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2020இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பனிக்கட்டி நீரில் கையை வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். புதிதாக உருவாக்கிய போலிச் சொற்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஃப்ரீக்கிங்கை அவர்கள் சோதிக்கவில்லை, ஆனாலும் வலிமை ஓசையில் இல்லை, தடையை மீறுவதில் இருக்கிறது என்ற ஊகத்துக்கு இது துணை நிற்கிறது. ஃப்ரீக்கிங் சொன்னால் எதைச் சொல்ல வந்தீர்கள் என்று எல்லோருக்கும் தெரிகிறது, உறைப்பு மட்டும் வரவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வாய் தவறிவிட்டால் பாதி வழியில் திருப்பிக்கொள்ள உதவும். அதற்கு மேல் இதில் முதலீடு செய்ய ஒன்றுமில்லை.

ரியலி: சலிப்பானது, ஆனால் எங்கும் செல்லும்

கெட்ட வார்த்தையை விட்டவர்கள் அந்த இடத்தில் வெரியை வைக்கிறார்கள், உடனே மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலப் பெயரடைகள் இரண்டு வகை. கோல்ட், டயர்ட், ஹங்ரி போன்றவற்றில் அளவு ஏறி இறங்கும், வெரி சேரும். ஃப்ரீசிங், எக்ஸாஸ்டட், ஸ்டார்விங் போன்றவை ஏற்கெனவே உச்சியில் நிற்கின்றன. "வெரி ஃப்ரீசிங்" பொருந்தாது, "அப்ஸலூட்லி ஃப்ரீசிங்" என்றுதான் வரும். மறுபக்கம் "அப்ஸலூட்லி கோல்ட்" இடறும். ஃபக்கிங் இரண்டு வகைக்கும் சேரும் என்பதால் அதைப் பேசுகிறவருக்கு இந்தப் பிரிவினை நினைவிலேயே இருப்பதில்லை.

இரண்டு வகைக்கும் சேரும் சுத்தமான சொல் ரியலி. "ரியலி கோல்ட்", "ரியலி ஃப்ரீசிங்", "ஐ ரியலி ஹேட் திஸ்". வினைக்கு முன்னாலும் நிற்கிறது. அலுவலகக் குளிர்சாதனத்தைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் புலம்பலாம். பெயர்ச்சொல்லில் மட்டும் ரியலி கைவிடும். பிரின்டர்மேல் வரும் எரிச்சலுக்கு "ஸ்டுப்பிட் பிரின்டர்" போதும். "வாட் த ஹெல்" நின்ற இடத்தில் "வாட் ஆன் எர்த்" அப்படியே உட்காரும், இலக்கண விதியும் அதேதான்.

"க்வைட்" பக்கம் போகாதீர்கள். அமெரிக்கருக்கு "க்வைட் குட்" நல்ல பாராட்டு. பிரிட்டிஷ்காரருக்குப் பல சமயம் அது பரவாயில்லை ரகம். அவருடைய மூன்று மாத உழைப்பை அப்படிச் சொல்லிவிட்டால் ப்ளடியைவிட அதிகம் புண்படும்.

பதிவாகும் இடங்கள்

பேச்சில் காற்றோடு போவது எழுத்தில் நிற்கும், அதுதான் வாட்ஸ்அப் குழுவிலும் டீம்ஸ் சாட்டிலும் ஆபத்து. டீம்ஸ் நேரலை வசனத்தில் கெட்ட வார்த்தைகளை நட்சத்திரமாக்கும் வசதி உண்டு. அதை நம்பிப் பேச வேண்டாம். கூட்டம் ஒலிப்பதிவானால் உங்கள் குரல் அப்படியே இருக்கும். கால் சென்டர் அழைப்புகளிலும் இதே கதை. ஐபோன் "டக்கிங்" என்று திருத்திக் காப்பாற்றிய காலமும் முடிந்துவிட்டது. பயனர் விரும்பித் தட்டும் அந்தச் சொல்லைத் திருத்துவதை நிறுத்தப்போவதாக ஆப்பிள் 2023இல் அறிவித்தது.

சட்டத்தைப் பொறுத்தவரை, வெயிலைத் திட்டியதற்காக யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. ஆளை நோக்கித் திரும்பும்போதுதான் வினை. பொது அமைதி கெடும்படி இழிவாகப் பேசினால் 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டம் 14ஆம் பிரிவில் 100 ரிங்கிட் வரை அபராதம். தொகை சிறிதுதான். ஒருவரின் மானத்தை அவமதிக்கும் நோக்கோடு பேசினால் தண்டனைச் சட்டம் 509, இணையத்தில் ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கோடு எழுதினால் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233 என்று அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன. வேலையிடத்தில் இதற்கெல்லாம் முன்பே உள்விசாரணை வந்துவிடும். வேலைச் சட்டம் 1955இன் 14ஆம் பிரிவு முறையான விசாரணைக்குப் பிறகு ஒழுங்கீனத்துக்காக வேலைநீக்கம் வரை போக முதலாளிக்கு இடம் தருகிறது. விசாரணையில் கேட்கப்படும் முதல் கேள்வி, அந்தச் சொல் பொருளைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா என்பதாகத்தான் இருக்கும். பெயரடைக்கு முன், பெயர்ச்சொல்லுக்கு முன் என்று மேலே பிரித்தது அங்கேதான் காசாகிறது.

வெளிநாட்டு அழைப்பில் வாய் தவறிவிட்டால் "சாரி அபௌட் த லாங்குவேஜ்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்கு அதே மூச்சில் திரும்புங்கள். "பார்டன் மை ஃப்ரெஞ்ச்" வேண்டாம், மறுமுனையில் இருப்பவர் பிரெஞ்சுக்காரராக இருக்கலாம். இரண்டாம் முறை மன்னிப்புக் கேட்டால், முதல்முறை கவனிக்காதவர்களும் என்ன சொன்னார் என்று பக்கத்தில் விசாரிக்கத் தொடங்குவார்கள்.